ஏகாதசியும் ஒரு மாத்திரையும்

ஏகாதசி அன்று எங்கள் தெருவில் நடந்து போனால் எல்லா வீட்டிலிருந்தும் கடுகு தாளிக்கிற வாசனை வரும். உபவாசம் இருக்கிறார்களாம். ஸ்ரீரங்கத்து உபவாசத்தின் லட்சணம் இதுதான்: அன்றைக்குச் சாதம் கிடையாது. சாதத்தைத் தவிர மற்ற எல்லாம் உண்டு. ரவா உப்புமா உண்டு, கோதுமை தோசை உண்டு, ஜவ்வரிசிக் கிச்சடி உண்டு, சேமியா உண்டு. இவற்றுக்கெல்லாம் மொத்தமாகப் பலகாரம் என்று பெயர். சாதம் ஒரு பிடி உள்ளே போனால் விரதம் கெட்டுவிடும். உப்புமா ஒரு தட்டு போனால் கெடாது. அதன் மேல் இன்னொரு தட்டு போனாலும் கெடாது.

இந்தச் சட்டத்தை யாரும் குடலுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மாவுச்சத்து வாயில் விழுந்த நிமிஷமே எச்சிலில் இருக்கும் என்சைம் அதை வெட்ட ஆரம்பித்துவிடும். இரைப்பையின் அமிலத்தில் அந்த வேலை கொஞ்சம் நிற்கும், சிறுகுடலில் மறுபடி தொடங்கும், கடைசியில் எல்லாம் குளுக்கோஸ் ஆகி ரத்தத்தில் கலக்கும். அந்தக் குளுக்கோஸின் நெற்றியில் ‘நான் ரவையிலிருந்து வருகிறேன், என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டியிருக்காது. பச்சரிசியோ கோதுமையோ மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிற ஜவ்வரிசியோ, ரத்தத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பத்தொரு வருஷமாக நான் கற்பிப்பது இதைத்தான். ஊட்டச்சத்தியல். முதல் வருஷப் பெண்களுக்குச் செரிமானம், இரண்டாம் வருஷத்துக்கு வளர்சிதை மாற்றம், மூன்றாம் வருஷத்துக்கு நோயாளிகளின் உணவு. பாடமெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண்கள் வாசலுக்குப் போய்க் கலர் சோடா வாங்கிக் குடிப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனித ஜாதியின் மேலேயே ஒரு மட்டமான அபிப்பிராயம் வந்துவிட்டது. ஒருவர் இரும்புச்சத்துக்கு என்று பேரீச்சம்பழத்தை டப்பா டப்பாவாக வாங்குவார், அதைச் சாப்பிட்ட கையோடு காபி குடித்து அதிலிருந்து கிடைக்கிற கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேர விடாமல் பண்ணுவார். இன்னொருவர் காலையில் அம்மா மண்டபம் படித்துறை வரை வேர்க்க வேர்க்க நடப்பார், திரும்பி வரும்போது நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போவார். வெந்நீரில் தேனைக் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்று எனக்கே போனில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கே!

ஆனால் நான் சொல்ல வந்தது என் கணவரைப் பற்றி.

அவர் எஞ்சினியர். பாய்லர் செய்கிற பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலையின் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தவரை ஏகாதசி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கேண்டீனில் என்ன போட்டாலும் சாப்பிடுவார், என்னவென்று நான் கேட்டதில்லை. ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு வந்த மறு மாதமே நெற்றியில் திருமண் ஏறியது, பஞ்சகச்சம் ஏறியது, ரசம் சாத்தமுது ஆனது, பாயசம் திருக்கண்ணமுது ஆனது. அறுபது வயது வரை சூப்பர்வைசராகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் அறுபத்தொன்றில் கோயில் பட்டர் மாதிரிப் பேச ஆரம்பித்தார். சர்க்கரை வியாதி அதற்கு முன்பே வந்துவிட்டது. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதில் ஒன்று, காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டியது.

மாத்திரை விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. மணி ஏழடித்தால் மாத்திரை வாயில் இருக்கும். சாப்பாட்டு விஷயத்தில்தான் குறை. எதைச் சொன்னாலும் தன் பாய்லரைக் கொண்டுவந்து நிறுத்துவார்.

“இதோ பார், உடம்பும் பாய்லர்தான். உள்ள போற ஃப்யூயல், வெளிய வர ஹீட். கம்மியாப் போட்டா கம்மியா எரியும். இதுக்கு முப்பது வருஷம் படிக்கணுமாக்கும்.”

“உங்க பாய்லர், நிலக்கரி போடாத அன்னிக்குத் தன் இரும்பையே கழட்டிப் போட்டு எரிக்குமா? உடம்பு எரிக்கும். சதையைக் கரைச்சுச் சர்க்கரை பண்ணும்.”

“ஆரம்பிச்சுட்டா லெக்சர்.”

இப்படித்தான் எங்கள் தாம்பத்தியம். அவர் ஏதாவது அசட்டுத்தனமாகச் சொல்வார், நான் திருத்துவேன், அவர் டிவியைப் போடுவார். நான் திருத்துவதில் அன்பு எவ்வளவு, இளக்காரம் எவ்வளவு என்று யாராவது கேட்டிருந்தால் பாதிப் பாதி என்று சொல்லியிருப்பேன். அது பொய். முக்கால்வாசி இளக்காரம்தான்.

வீட்டில் சர்க்கரையை ஒழித்தேன். வெல்லத்தை ஒழித்தேன், தேனை ஒழித்தேன், பிஸ்கட் டப்பாவை ஒழித்தேன். “எங்காத்துல சர்க்கரைங்கற வஸ்துவே கிடையாது” என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். வந்தவர்கள் சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துவிட்டு, மறுபடி வரமாட்டார்கள். பெருமாள் அலமாரியில் மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் கற்கண்டு இருந்தது. காலையில் அவர் பெருமாளுக்குப் படைப்பது, அவர் பாஷையில் கண்டருளப்பண்ணுவது, அதைத்தான். அதை அவர் வாயில் போட்டுக்கொள்கிறாரா என்று ஒரு மாதம் எண்ணிப் பார்த்தேன். இல்லை என்று தெரிந்த பிறகு விட்டுவிட்டேன்.

எண்ணிப் பார்த்தேன் என்று எழுதும்போதே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. இருக்கட்டும்.

போன கோடையில் ஒரு ஏகாதசி. கீழ் வீட்டு மாமாவும் மாமியும் மாடிக்கு வந்தார்கள், சாயந்தரம். ஏதோ உபன்யாசத்துக்குக் கூப்பிட வந்தவர்கள். மாமி ஒரு தட்டில் கொஞ்சம் கேசரி கொண்டுவந்திருந்தாள். என் கணவர் கேசரியை வாங்கி வைத்துக்கொண்டு, முகத்தைச் சோர்வாக்கிக்கொண்டு சொன்னார்:

“இன்னிக்கு நான் உபவாசம்.”

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அன்றைக்கு என்னவெல்லாம் சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியும், பண்ணிப் போட்டவளே நான்தானே.

“மாமி, இவர் உபவாசம் எப்படின்னு கேளுங்கோ. காலம்பற ரவா உப்புமா, ரெண்டு தரம். பத்து மணிக்கு வாழைப்பழம் மூணு. மத்தியானம் கோதுமை தோசை, நான் ஆறுக்கு மேல எண்ணலை. மூணு மணிக்குச் சேமியா. இப்போ உங்க கேசரி. சாதாரண நாள்ல இவர் இதுல பாதிதான் சாப்பிடறார். வருஷத்துல இருபத்தஞ்சு ஏகாதசி வரது. இன்னும் ரெண்டு மூணு சேர்ந்து வந்தா இவர் உபவாசத்தாலேயே குண்டாயிடுவார்.”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் வீட்டிலும் அதே உப்புமா, அதே தோசைதான். ஆனாலும் அடுத்த வீட்டு உபவாசம் கேலியாகும்போது சிரிக்கத்தானே வேண்டும். என் கணவர் சிரிக்கவில்லை. கேசரித் தட்டை மேஜை மேல் வைத்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அன்று ராத்திரி அவர் என்னோடு பேசவில்லை, எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

பதினைந்து நாள் கழித்து அடுத்த ஏகாதசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை தசமி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, “ராத்திரி எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்றார். “நாளைக்கு?” என்றேன்.

“நாளைக்கும் ஒண்ணும் வேண்டாம். ஜலம் மட்டும். இனிமே சாப்பாடு மறுநாள் துவாதசிப் பாரணையிலதான்.”

“உப்புமா கூடவா வேண்டாம்?”

“வேண்டாம்னேன்.”

“பார்க்கலாம்” என்றேன். ராத்திரி பத்து மணிக்கு ஃபிரிட்ஜைத் திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. அப்படியானால் காலையில் கட்டாயம் உப்புமா கேட்பார் என்று நினைத்தேன். அவரை எனக்குத் தெரியாதா?

ஞாயிறு காலை ஏழு மணி. நான் சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் குளித்துவிட்டுத் திருமண் இட்டுக்கொண்டு வந்தார். அலமாரியைத் திறந்தார், மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்தார், வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே விளக்கம் சொன்னார்.

“மருந்து ஆகாரத்துல சேர்த்தி இல்லை. மருந்துக்கு தோஷம் கிடையாது.”

“அதையாவது ஒழுங்காப் பண்றேளே, சந்தோஷம்” என்றேன்.

அந்த மாத்திரை என்ன செய்யும் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கான எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி இல்லை. சில மாத்திரைகள் இருக்கிற இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய வைக்கும். சாப்பிடாத ஆளையும் பெரும்பாலும் அவை ஒன்றும் செய்யாது. அவர் காலையில் போடுகிறது வேறு ஜாதி. அது கணையத்தைப் பிடித்து உலுக்கி இன்சுலினைக் கொட்ட வைக்கும். அரைமணியில் சாப்பாடு வரப்போகிறது என்ற நம்பிக்கையில்தான் அது அப்படிச் செய்கிறது. சாப்பாடு வராவிட்டாலும் அது நிறுத்தாது. கொட்டிய இன்சுலின் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைச் சதைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் தள்ளிக்கொண்டே இருக்கும். பட்டினி கிடக்கும்போது நம்மைக் காப்பாற்றுவது கல்லீரல். தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடும். இன்சுலின் நிறைய இருந்தால் கல்லீரல் அந்த இருப்பைத் திறக்காது. ஆக வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளேயிருந்தும் வரவில்லை. மூளைக்கோ சர்க்கரை வேண்டும், அதற்கு அவசரத்துக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளவும் தெரியாது.

இது மூன்றாம் வருஷப் பாடம். ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போடுவேன். ‘சாப்பிடாத நாளில் இந்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதே.’ எழுதாத பெண்ணை எழுந்து நிற்க வைப்பேன்.

அன்று காலை அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். மறக்கவில்லை. அவர் பட்டினி கிடப்பார் என்று நான் நம்பவே இல்லை, அதுதான் விஷயம். எட்டு மணிக்கு உப்புமா கேட்கப் போகிற மனிதருக்கு எதற்கு எச்சரிக்கை? கேட்கும்போது என்ன சொல்லிச் சிரிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு அவர் கோயிலுக்குக் கிளம்பினார். வெயில் அப்போதே கொளுத்த ஆரம்பித்திருந்தது. உத்தர வீதியைச் சுற்றி வந்து, சேவித்துவிட்டு, பதினொன்றுக்குத் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. வழியில் எங்கேயோ நுழைந்து இரண்டு தோசையை உள்ளே தள்ளிவிட்டு வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். பட்டினியோடு இந்த வெயிலில் யாரும் மூன்று மணி நேரம் சுற்ற முடியாது என்பது என் விஞ்ஞானம்.

மத்தியானம் நான் வேண்டுமென்றே வெங்காயச் சாம்பார் வைத்தேன். ஏகாதசியில் சாதமே கூடாது, வெங்காயம் அதற்கு மேல். உருளைக்கிழங்கை முறுக வதக்கினேன். அவர் உட்கார்ந்திருந்த சோபாவுக்கு எதிரே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அவர் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை. நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே லெக்சர் கொடுத்தேன்.

“நேத்து மத்தியானம் சாப்ட்டது. இருபத்திநாலு மணி நேரம் ஆறது. நிஜமாவே சாப்பிடலைன்னா இப்போ உங்க கல்லீரல்ல இருப்பு தீரப் போறது. அப்புறம் கொழுப்பு எரியும். பரவாயில்லை, தொப்பை கொஞ்சம் குறையட்டும்.”

வாழ்க்கையில் நான் கொடுத்த லெக்சர்களில் அதைப் போல் தப்பான லெக்சர் வேறில்லை. இருப்பு தீரவில்லை. பூட்டிக் கிடந்தது. பூட்டிய மாத்திரையைக் காலையில் என் கண்ணால் பார்த்தவள், மத்தியானம் கல்லீரலைப் பற்றி வகுப்பெடுக்கிறேன்.

இரண்டரை மணிக்குத் திடீரென்று கத்தினார். பேப்பரின் நடுத்தாள் எங்கே என்று. நடுத்தாள் அவர் மடியில் இருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் நெற்றியில் திருமண் வேர்வையில் கரைந்து மூக்கு வரை ஓடியிருந்தது.

“பசின்னு வாய்விட்டுச் சொன்னா என்ன குறைஞ்சுபோயிடும்?” என்றேன். “கீழ போய் மாமி கையால ரெண்டு தோசை சாப்ட்டுட்டு வாங்கோ. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

அவர் எழுந்தார். கீழேதான் போகிறார் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. போகவில்லை. பீரோவைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து, பஞ்சகச்சத்துக்கு மேல் மாட்டிக்கொண்டு, பித்தானைப் போட ஆரம்பித்தார். முதல் பித்தான் மூன்றாவது ஓட்டைக்குப் போனது. விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

“ஷிப்ட் பஸ் வந்துடுத்தா?” என்றார்.

“என்னது?”

“பஸ். ஹாரன் அடிச்சானா? என் டிபன் பாக்ஸ் எங்க?”

நாக்கு குழறியது. என்னைப் பார்க்கிற கண் என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர் எங்கேயும் தோசை சாப்பிடவில்லை. சொன்னதைச் செய்திருக்கிறார். தசமி மத்தியானத்திலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லை, காலையில் மாத்திரை மட்டும் போயிருக்கிறது.

சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து அவர் விரலைக் குத்திப் பார்த்தேன். நாற்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று சொல்லிக் கொடுக்கிறவள் நான். நாற்பதில் வலிப்பு வரலாம், நினைவு போகலாம், மூளை நிரந்தரமாகவே கெட்டுப் போகலாம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், கேள்வித்தாளில் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்பேன்.

உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். என் வீட்டில் சர்க்கரை இல்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். துவரம்பருப்பு, கொள்ளு, ஓட்ஸ், ஆளி விதை. சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிற வீட்டில் குளுக்கோஸ் பொடி கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறவள், குளுக்கோஸைக்கூட விரோதி என்று வெளியே அனுப்பியிருந்தேன். பெருமாள் அலமாரிக் கற்கண்டு ஞாபகம் வந்தது. கிண்ணத்தோடு எடுத்து, இடிக்கிற கல்லில் நொறுக்கி, தண்ணீரில் கலக்கினேன். சீக்கிரம் கரையவில்லை. கையை விட்டுக் கரைத்தேன்.

டம்ளரை வாயருகே கொண்டு போனேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். மறுபடி கொண்டு போனேன். கையால் தட்டிவிட்டார். பாதி என் புடவையில் கொட்டியது.

“ஏன்னா, குடிங்கோன்னா. சர்க்கரை இறங்கிடுத்து. உயிர் போயிடும்.”

“மாட்டேன்.”

“ஒரு வாய்.”

“குடிச்சா நீ சிரிப்பே” என்றார்.

பஸ் எது, வீடு எது என்று தெரியாத நிலையில் அந்த ஒன்று மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நான் சிரிப்பேன். அழுவதற்கு நேரம் இல்லை. அவருக்கு விழுங்கும் தெம்பு இன்னும் இருந்தது. அது போய்விட்டால் வாய் வழியாக எதையும் கொடுக்க முடியாது.

என்ன தோன்றியதோ, பெருமாள் அலமாரியிலிருந்து தீர்த்தம் வைக்கிற வெள்ளி வட்டிலை எடுத்தேன், டம்ளரில் மீதியிருந்ததை அதில் ஊற்றினேன். அவர் முன்னால் வந்து நின்று, கோயிலில் சொல்கிற குரலில் சொன்னேன்.

“தீர்த்தம்.”

அவர் நிமிர்ந்தார். பித்தான் தப்பாகப் போட்ட சட்டையின் நுனியை அங்கவஸ்திரம் என்று நினைத்து இழுத்து, இடது கையில் விரித்து, அதன் மேல் வலது உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, குனிந்து நின்றார். நான் ஊற்றினேன். ஒரு சொட்டுக் கீழே விழாமல், உறிஞ்சும் சத்தம் இல்லாமல் உட்கொண்டார். மறுபடி கை நீட்டினார். மறுபடி ஊற்றினேன். மூன்றாவது முறை ஆனதும் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு நகரப் பார்த்தார். மூன்று உள்ளங்கைத் தண்ணீரில் என்ன சர்க்கரை இருக்கும்? போதாது. “இது தாயார் சன்னதித் தீர்த்தம்” என்றேன். கை நீண்டது. மூன்று. “இது சக்கரத்தாழ்வார் சன்னதி.” இன்னும் மூன்று. கற்கண்டுத் தண்ணீர் தீரும் வரை எனக்குத் தெரிந்த சன்னதியெல்லாம் சொன்னேன். கடவுள் நம்பிக்கை இருக்கிறதா என்று என்னைக் கேட்டால் நான் உதட்டைப் பிதுக்குகிறவள்.

கால்மணியில் கண்ணில் ஆள் தெரிந்தது. “ஏன் சட்டை போட்டுண்டிருக்கேன்?” என்று கேட்டார். கீழ் வீட்டு மாமாவின் காரில் ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமா காரை ஓட்டிக்கொண்டே, “உபவாசம்னா இதான் உபவாசம், நாங்கள்லாம் பண்றது சும்மா” என்று மெய்சிலிர்த்தார். அந்த ஆளை அங்கேயே பாலத்தில் இறக்கிவிடலாமா என்று இருந்தது. அப்புறம் அவர் சொல்வதிலும் நான் செய்ததிலும் எது அதிக முட்டாள்தனம் என்று யோசித்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏறியது. இரண்டு மணி நேரத்தில் மறுபடி இறங்கியது. அந்த மாத்திரையின் குணம் அது, ஒருமுறை சர்க்கரை கொடுத்ததோடு போய்விடாது, உடம்பில் இருக்கிற வரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் இருக்கச் சொன்னார்கள்.

மறுநாள் துவாதசி. காலையில் ஆஸ்பத்திரி கேண்டீனிலிருந்து இரண்டு இட்லி வந்தது. அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். பாரணைக்கு அகத்திக்கீரை இல்லை, நெல்லிக்காய் இல்லை. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் இட்லியை விண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். பேசுவதற்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் தாம்பத்தியத்தில் அது புதுசு.

டியூட்டி டாக்டர் வந்தாள். சின்னப் பெண், என் பழைய மாணவிகளைவிடச் சின்னவள். சீட்டைப் பார்த்துவிட்டு முதலில் அவரைக் கேட்டாள்.

“ஐயா, இந்த மாத்திரையைப் போட்டுட்டு நாள் பூரா சாப்பிடாம இருந்திருக்கீங்க. அப்படி இருக்கவே கூடாதுங்க. யாருமே உங்ககிட்ட சொல்லலையா?”

அவர் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். எங்கே போனாலும், ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவரிடம்கூட, என் மனைவி ஊட்டச்சத்து புரொஃபசராக்கும் என்று சொல்லாமல் இருக்கமாட்டார். சொல்லட்டும், அதுதான் நியாயம் என்று இருந்தது.

“சொல்லலை” என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினாள். “அம்மா, நீங்க என்ன பண்றீங்க? வேலைக்குப் போறீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“ஆத்துலதான் இருக்கா. அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, நீங்கதான் கொஞ்சம் புரியும்படியாச் சொல்லணும்.”

கேலி இல்லை அவர் குரலில். பதினைந்து நாளைக்கு முன்னால் இரண்டு பேர் எதிரில் நான் அவரைப் பிய்த்துப் போட்டேன். ஒரு டாக்டர் எதிரில் அவர் என்னை மூடி வைக்கிறார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. இதற்கு வெட்கப்படத்தான் முடிந்தது. இந்த மனிதரை முப்பத்தைந்து வருஷமாக அசடு என்று நினைத்து வந்திருக்கிறேன்.

அந்தப் பெண் நல்ல பெண். ஒரு காகிதத்தை எடுத்துக் கட்டிலோரத்தில் வைத்து, பேனாவால் வயிற்றை வரைந்தாள், அதன் கீழே நீளமாக ஒன்றை வரைந்தாள்.

“இது கணையம்மா. இன்சுலின்னு ஒண்ணு இங்கிருந்துதான் வருது. இப்ப, நாம சாப்பிடாதப்போ இந்த மாத்திரையைப் போட்டா என்ன ஆகும்னா...”

பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போல, ஒன்று விடாமல் சொன்னாள். கல்லீரல் விஷயத்தையும் சொன்னாள். சொல்லி முடித்து, “புரிஞ்சுதாம்மா?” என்றாள்.

“புரிஞ்சுது” என்றேன்.

“எங்க, ஒரு தடவை நீங்க சொல்லுங்க பார்ப்போம்.”

அவர் இட்லித் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நான் எழுந்து நின்று சொன்னேன்.